கொக்கு ஏன் காக்கு ஆனது?

(மாங்கேணியில் பெற்றாரும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மட்டக்களப்பில் மைக் பிடித்த எவரும் மீன்பாடும் தேன்நாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் மீன் கொஞ்சம் பொறுக்கட்டும். நான் ஒரு கொக்கிலிருந்து தொடங்குகிறேன்.

முப்பது வருஷத்துக்கு முந்தின கதை. ஐந்தாம் வகுப்பு, தமிழ்ப் பாடம். மூன்றாவது வாங்கில் ஒரு பையன். களப்புக் கரைப் பிள்ளை. காலில் எப்போதும் சேறு காய்ந்திருக்கும். எழும்பி வாசி என்றேன். முதல் சொல் 'கொக்கு'. எழுத்தின் கீழே விரலை வைத்தான். 'கெ' என்றான். நின்றான். விரல் ஒல்லுப்போல நகர்ந்தது. 'கா' என்றான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு துணிந்து 'காக்கு' என்று முடித்தான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 'கொக்கை வாசிக்கத் தெரியாத கொக்கு' என்று ஒரு பகிடியும் விட்டேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க அவனுக்குப் பெயர் 'காக்கு'. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. தகப்பனோடு தோணி ஏறிவிட்டான் என்று சொன்னார்கள். நானும் இடாப்பில் பெயரை வெட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

இன்று நான் பேச வந்த பொருள் அந்த ஒரு கேள்விதான். அந்தப் பையன் ஏன் 'காக்கு' என்றான்? மொக்கன் என்பதாலா? கவனமில்லை என்பதாலா? மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதாலா? இந்த மூன்று பதிலையும் நான் என் வாயால் சொல்லியிருக்கிறேன். மூன்றும் பிழை. பிழை என்று எனக்குக் காட்டித் தந்தது பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று அளந்து பார்த்த விஞ்ஞான ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் உங்கள் நினைவுக்கு வரும். நான் சொல்கிற ஆராய்ச்சிக்கு ஒரு காகிதமும் ஒரு மணிக்கூடும் போதும்.

சரி, கொக்குக்கு வருவோம். தமிழை இடமிருந்து வலமாக வாசி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது முழு உண்மையா? 'கொ' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். முதலில் 'க்' வருகிறது, பிறகு 'ஒ' வருகிறது. இப்போது அதைக் காகிதத்தில் பாருங்கள். முதலில் நிற்பது கொம்பு. அதற்குப் பிறகு 'க'. அதற்குப் பிறகு அரவு. வாயில் பின்னால் வருகிற ஓசை, காகிதத்தில் முன்னாலும் பின்னாலும் இரண்டு காவற்காரரைப் போல நிற்கிறது. நான் சொல்லிக் கொடுத்தபடியே இடமிருந்து வலமாக வாசித்தால் என்ன வரும்? கொம்பும் 'க'வும் சேர்ந்தால் 'கெ'. 'க'வும் அரவும் சேர்ந்தால் 'கா'. அந்தப் பையன் என்ன சொன்னான்? 'கெ' என்றான், 'கா' என்றான்! நான் சொன்னதை ஓர் எழுத்தும் பிசகாமல் செய்தவன் அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் 'கொக்கு' என்று சரியாகச் சொன்னார்கள் என்றால், அவர்களில் பாதிப் பேர் பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துச் சொன்னவர்கள்.

உகரத்தை எடுங்கள். 'கு', 'டு', 'மு' என்பவற்றில் அது ஒரு மாதிரி வளைகிறது. 'சு', 'பு', 'வு' என்பவற்றில் நேரே கீழே கோடாக இறங்குகிறது. 'து', 'நு', 'லு' என்பவற்றில் கீழே போய்ச் சுற்றி மேலே வருகிறது. ஒரே ஓசைக்கு மூன்று உடுப்பு. 'ரு' என்பது வேறு, 'று' என்பது வேறு. மொத்தம் 247 எழுத்து. நமக்கு இது பழகிப்போன வீதி. கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது வாகரைக் காடு.

இந்தியாவில் கன்னடம் படிக்கிற பிள்ளைகளை சோனாலி நாக் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2007இல் எழுதினார். நம்முடைய எழுத்தைப் போலவே கன்னட எழுத்தும் மெய்யோடு உயிர்க்குறி ஒட்டிக்கொள்ளும் எழுத்து. ஆங்கிலப் பிள்ளைக்கு 26 எழுத்தையும் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் போதும். கன்னடப் பிள்ளை நாலாம் வகுப்பிலும் எழுத்துகளைக் கற்று முடிக்கவில்லை என்று அவர் கண்டார். நாம் என்ன செய்கிறோம்? முதலாம் வகுப்பில் எழுத்து முடிந்தது என்று கணக்குப் போடுகிறோம். மூன்றாம் வகுப்பில் பந்தி வாசிக்கக் கேட்கிறோம். நாலாம் வகுப்பிலிருந்தே புலமைப்பரிசில் வினாத்தாளைக் கையில் கொடுக்கிறோம். பிள்ளை எழுத்துக்குள் நிற்கிறது, நாம் வினாத்தாளுக்குள் நிற்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் பிள்ளை 'மறுகா' என்கிறது. புத்தகத்தில் 'மறுபடியும்'. வீட்டில் 'அயத்துப் போச்சு'. புத்தகத்தில் 'மறந்துவிட்டது'. வீட்டில் 'கிறுகி வா'. புத்தகத்தில் 'திரும்பி வா'. அச்செழுத்தைக் கூட்டுகிற பாடு ஒரு பக்கம். கூட்டி முடித்தபிறகு வருகிற சொல்லை அதுவரை காதால் கேட்டதில்லை என்கிற பாடு மறுபக்கம். வேறு ஊர்களில் எழுதப்படுகிற பாடப்புத்தகத்தை மாங்கேணிப் பிள்ளை வாசிக்கும்போது பாதி நேரம் அது இரண்டாம் மொழி படிக்கிறது. உங்கள் பேச்சு கொச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பேச்சில் நின்றுகொண்டுதான் பிள்ளை புத்தகத்துக்கு ஏற முடியும்.

தமிழுக்கு இப்படி என்றால் கணக்குக்கு எப்படி?

கரையிலே போய் நின்று பாருங்கள். தகப்பன் நண்டு நிறுக்கிறார். பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நிற்கிறது. முக்கால் கிலோவுக்கு எவ்வளவு, ஆயிரம் ரூபா தந்தவருக்கு மிச்சம் எவ்வளவு என்று தகப்பன் வாய் திறக்குமுன் பிள்ளை சொல்லிவிடும். அதே பிள்ளை வகுப்பில் கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் முழிக்கும். ஆசிரியர் 'கணக்கு வராது' என்று அறிக்கையில் எழுதுவார்.

பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு கடற்கரைப் பட்டினம். 1985இல் மூன்று ஆய்வாளர்கள், கராஹர் தம்பதியும் ஷ்லீமனும், அங்கே சந்தையில் வியாபாரம் செய்கிற ஐந்து பிள்ளைகளிடம் சாமான் வாங்குபவர் போலப் போனார்கள். இளநீர் ஒன்று 35, பத்து எவ்வளவு? பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் போட்டால் போதும் என்று பள்ளிக்கூடம் சொல்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் அப்படிச் செய்யவில்லை. மூன்று இளநீர் 105 என்பது அவனுக்கு அன்றாடம் விற்றுப் பழகிய கணக்கு. இன்னும் மூன்று, 210. இன்னும் மூன்று, 315. இன்னும் ஒன்று, 350. வழி சுற்று, விடை சரி. இப்படிச் சந்தையில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாக வந்தன. பிறகு அதே பிள்ளைகளிடம், அதே வகைக் கணக்கைக் காகிதத்தில், பள்ளிக்கூட மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37தான் சரி. அதே தலை, அதே மூளை! கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைப் பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அவர்கள் கூட்டாளிகளும் பெரிய அளவில் இதே விஷயத்தை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். அங்கேயும் அதே கதை. சந்தைக் கணக்கு காகிதத்துக்குத் தானாக ஏறவில்லை.

அப்படியென்றால் பாலம் போடவேண்டியது யார்? பிள்ளையா, நாமா?

இந்த பானர்ஜியும் டுஃப்லோவும் மைக்கேல் கிரெமர் என்பவரும் 2019இல் பொருளாதாரத்துக்கான நொபெல் பரிசு வாங்கியவர்கள். பரிசுக்குப் போன பாதையில் ஒரு வேலை நமக்கு மிக முக்கியம். மும்பாயிலும் குஜராத்தின் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை பானர்ஜியும் டுஃப்லோவும் கூட்டாளிகளும் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். மூன்றாம், நாலாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகள் பதினைந்து இருபது பேரை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தனியே கூட்டிப்போய், முதலாம் இரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுப்பது. சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? பட்டம் பெற்ற ஆசிரியைகள் அல்லர். அதே அயலில் இருந்த, உயர்பள்ளிக்கூடம் முடித்த பெண் பிள்ளைகள். 'பால்சகி' என்று பெயர், பிள்ளைகளின் தோழி. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நேரத்தில் தோழியைக் கொடுக்காமல் சீட்டுப் போட்ட மாதிரிப் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால் கிடைத்த இடத்தையும் கிடைக்காத இடத்தையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பலன் கிடைத்தது, அதுவும் கடைசி வாங்குப் பிள்ளைகளுக்கே அதிகம் கிடைத்தது.

இந்தக் கதையில் எனக்குச் சுட்ட இடம் இந்தியாவின் பிகார் மாநிலம். அங்கே 2008 கோடை விடுமுறையில் அரச ஆசிரியர்களே முகாம் நடத்தினார்கள். தரத்தைப் பார்க்காமல் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து படிப்பித்தார்கள். பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினார்கள். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. அதே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை! ஆசிரியருக்குத் தெரியாதா? தெரியும். மனமில்லையா? கோடையில் மனம் இருந்ததே. பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும் என்ற ஓட்டம் அவர்களைப் பழைய தடத்துக்கு இழுத்துவிட்டது. முன் வரிசையில் இருக்கிற ஆசிரியர்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. நானும் அந்த ஓட்டம் ஓடியவன்தான். பாடவிதானத்தை முடித்தேன் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியபோது எத்தனை பிள்ளையை முடித்தேன் என்று எழுத அங்கே கட்டம் இருக்கவில்லை.

நம் நாட்டில் இது புதுக்கதையும் அல்ல. 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் 'அத்தியாவசியத் தேர்ச்சி' என்று ஒன்று வைத்தார்கள். இந்தத் தேர்ச்சியைப் பெறாமல் பிள்ளையை மேலே நகர்த்தாதே என்பது அதன் கருத்து. கருத்து தங்கம். ஆனால் அலுமாரிக்குள் கிடந்தால் தங்கமும் இரும்பும் ஒன்றுதான்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கனமானது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணுக்கு என்னென்ன வந்துபோனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004 மார்கழி 26 காலையில் கடல் வந்தது. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்துச் சனம் போரால் கையில் அகப்பட்டதோடு ஓடியது, கூடாரத்தில் கிடந்தது. அப்போது பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்றைக்குத் தாய் தகப்பன்மாராக இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் நம் பிள்ளைகளின் தலைக்குள் என்ன நடந்தது என்று சிலர் கேட்டுப் பார்த்தார்கள். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்து எல்பர்ட்டும் ஷவரும் கூட்டாளிகளும் வடக்குக் கிழக்கில் 420 பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். நூற்றுக்கு 92 பேர் குண்டு, ஷெல், மரணம் என்று ஏதோவொரு கொடூரத்தைக் கடந்திருந்தார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு மனவடு நோயாகவே இருந்தது. இதில் ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய வரி ஒன்று இருக்கிறது. வடுப்பட்ட பிள்ளைகளின் ஞாபகசக்தியும் வகுப்புப் புள்ளியும் இறங்கியிருந்தன. 'சொன்னது மனதில் நிற்காது' என்று நாம் ஏசினோமே, அது பிள்ளையின் சோம்பல் அல்ல. நித்திரையில் ஷெல் விழுகிற பிள்ளைக்குப் பகலில் வாய்ப்பாடு எங்கே நிற்கும்?

அடுத்தது வீட்டுக்குள் பார்த்த ஆராய்ச்சி. வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் கட்டானி என்பவரும் கூட்டாளிகளும் கேட்டு 2008இல் எழுதியது. போர், சுனாமி இரண்டையும் பற்றிக் கேட்டார்கள். வீட்டில் அடி விழுகிறதா என்றும் கேட்டார்கள். ஏதோவொரு வகை வீட்டு வன்முறையைக் கண்ட பிள்ளைகள் நூற்றுக்கு 95க்கு மேல். போரைக் கண்டவர்களைவிட வீட்டு வன்முறையைக் கண்டவர்கள் அதிகம்! தகப்பனின் குடி கூடக் கூட பிள்ளை படும் பாடு கூடியது என்றும் அவர்கள் கண்டார்கள். போர் 2009இல் முடிந்தது. கசிப்பு முடிந்ததா? வாத்தியார் இதை ஏன் மேடையில் சொல்கிறார் என்று யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். நானும் பிரம்பால் அடித்தவன். என்னையும் அடித்தவர்களுக்குள் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏழ்மையையும் இப்படி அளந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்பு வெட்டுமுன் கையில் காசு இல்லை, அடகில் நகை. வெட்டிய பிறகு காசு. ஒரே ஆளுக்கு வெட்டுமுன் ஒருதரமும் வெட்டிய பின் ஒருதரமும் மூளைக்கு வேலை கொடுக்கிற சிறு சோதனை வைத்தார்கள். காசில்லாத காலத்தில் அதே ஆளின் புள்ளி கீழே. 2013இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. வாடைக்காற்று அடிக்கிற மாரியை நினைத்துப் பாருங்கள். கடலுக்குப் போகமுடியாது. உலை கொதிக்க அரிசி இல்லை. அந்த நேரம் 'உங்கட பிள்ளையின்ர கொப்பியைப் பாத்தீங்களா' என்று நாம் தாயைக் கேட்கிறோம். அந்தத் தாய்க்கு அறிவு குறைந்துவிடவில்லை. அறிவெல்லாம் அரிசிப் பானையைச் சுற்றி நிற்கிறது.

'அப்படியென்றால் மனவடுப்பட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னால் சரிதானே?' என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. இதற்குக் கிடைத்த பதில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. வடக்கில் 399 பிள்ளைகளை வைத்து டோல், ஜோர்டன்ஸ் முதலானவர்கள் ஒரு சோதனை செய்து 2012இல் எழுதினார்கள். பள்ளிக்கூடத்திலேயே விளையாட்டு, படம் கீறல், பேச்சு என்று 15 அமர்வுகள். பாதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மற்றப் பாதியைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள் சில குறைந்தன. பிள்ளைகளின் குழப்படியும் குறைந்தது. ஆனால் பெண் பிள்ளைகளுக்கு? அமர்வுக்கு வந்த பெண் பிள்ளைகளைவிட, சும்மா காத்திருந்த பெண் பிள்ளைகளின் மனவடு அதிகம் தணிந்திருந்தது!

நல்ல மனதோடு செய்ததுதான். பயிற்சி பெற்ற, இந்த மண்ணின் ஆட்களே செய்ததுதான். இருந்தும் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு அது உதவவில்லை. குணமாவதைப் பிந்தப்பண்ணியும் இருக்கலாம். அளந்து பார்த்திருக்காவிட்டால் அது யாருக்குத் தெரிந்திருக்கும்? விழா வைத்து, வாழை கட்டி, குத்துவிளக்கேற்றிப் படம் எடுத்து, திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதியிருப்போம். சுனாமிக்குப் பிறகு எத்தனை திட்டம் இந்த வீதியால் வந்துபோனது! எத்தனை பேர் வந்து பிள்ளைகளுக்குப் பென்சில் பெட்டி கொடுத்தார்கள்! ஒருவராவது கிறுகி வந்து, பிள்ளை வாசிக்கிறதா என்று கேட்டாரா? இதனால்தான் எனக்கு விஞ்ஞானத்தின் மீது மரியாதை. 'நான் செய்தது பலித்ததா?' என்று தன்னையே சந்தேகப்படுகிற துணிவு அதற்கு இருக்கிறது.

இப்போது மீன் வரலாம். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி மீன்பாட்டுக் கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? தோணியில் நிமிர்ந்து இருந்தால் ஒன்றும் கேளாது. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். அப்போதுதான் அந்த முனகல் கேட்கும். வாவி அதுவரை ஊமை என்று நினைத்தவர் துடுப்பு வைக்காதவர். நான் கரும்பலகைக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற மனுஷன்; துடுப்பு வைக்கத் தெரியாமல் நின்றவன்.

துடுப்பு எப்படி வைப்பது? தாய்மாருக்கு இரண்டு, ஆசிரியருக்கு ஒன்று, மதிலில் இருக்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன்.

தாய்மாருக்கு முதலாவது: கண், காது, இரத்தம். கரும்பலகை தெரியாத பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்லாது. உலகமே அப்படித்தான் மங்கல் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை மறித்து வைக்காதீர்கள். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாப்பாட்டோடு பிளேன்ரீ கொடுக்கிற பழக்கத்தை விடுங்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைத் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். இரும்புச்சத்து இல்லாத பிள்ளை வாங்கில் தூங்கி விழும், நாம் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைப்போம்.

இரண்டாவது: பாடமாக்குதல். இரவு முழுக்கக் குப்பி விளக்கில் பத்துத் தரம் சத்தமாக வாசிக்க வைக்கிறீர்கள். வீடு முழுக்கப் படிப்புச் சத்தம், உங்களுக்கும் சந்தோஷம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருதரம் வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள், 83க்கு 71. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது? வாசித்தவர்களுக்கு 40, மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61! கிழமைக்குள் 'அயத்துப் போச்சு'. ஆகவே எழுத்துத் தெரியாத தாயும் படிப்பிக்கலாம். புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். 'இப்ப என்ன வாசிச்சாய் மனே, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். மீன் வெட்டிக்கொண்டே கேட்கலாம். நாளைக்கு ஒருதரம், நாலு நாள் கழித்து ஒருதரம். அவ்வளவுதான்.

ஆசிரியருக்கு ஒன்று. தவணைப் பரீட்சைப் புள்ளி எனக்கு வேண்டாம். 27 புள்ளி என்றால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அந்த 27 சொல்லுமா? ஒரு காகிதம் எடுங்கள். இந்தியாவில் 2005இலிருந்து 'அசர்' அறிக்கைக்காக ஊரூராக, வீடுவீடாகக் கொண்டுபோகிற காகிதத்தைப் போல. மேலே சில எழுத்து, பிறகு சில சொல், பிறகு நாலு வரிப் பந்தி, கடைசியில் ஒரு சின்னக் கதை. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடக்குகிறதோ அங்கே ஒரு புள்ளடி. என்ன சொல்லித் தடக்குகிறது என்பதையும் எழுதுங்கள். 'காக்கு' என்றால் 'காக்கு' என்றே எழுதுங்கள். பத்துப் பிள்ளை கொம்பெழுத்தில் தடக்கினால் அந்தப் பத்துப் பேருக்கும் பத்து நாள் கொம்பெழுத்து. தரம் மூன்றாக இருந்தாலும் சரி, தரம் ஏழாக இருந்தாலும் சரி.

தம்பிமாரே, உங்களுக்கு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை மதிலில் இருக்கிறீர்கள். தங்கைமார் வீட்டில் இருக்கிறார்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபிறகு, 2021 ஐப்பசியில் தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கினார்கள். ஊருக்குள்ளேயே ஏறக்குறைய இரண்டு இலட்சம் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள். மாலையில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம், திண்ணையிலும் கோயில் வாசலிலும். கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் மொரிசியோ ரொமேரோவும் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடம் திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு அந்தத் திண்ணை வகுப்பால் வந்தது. அங்கே அரசாங்கமே நடத்தியது, சின்னத் தொகையும் கொடுத்தது. இங்கே அப்படி ஒன்று வரும்வரை காத்திருக்கலாம். அல்லது நாலு பேர் சேர்ந்து இருபது பிள்ளையோடு தொடங்கலாம். தொடங்கினால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள் அளந்து எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே காகிதத்தால் அளந்து பாருங்கள். முன்னேறாவிட்டால் வெட்கப்படாமல் முறையை மாற்றுங்கள்.

நம் விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி என்பது பலருக்கு அயத்துப்போய்விட்டது. யாழ் நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்குப் போட்டு நூல் எழுதிய அதே மனிதர்தான் கல்லடியில் பள்ளிக்கூடம் கட்டி ஏழைப் பிள்ளைகளைப் படிப்பித்தார். அளப்பதும் அணைப்பதும் ஒரே கையால் முடியும் என்பதற்கு நாம் பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் போகத் தேவையில்லை. அவர் பிறந்த காரைதீவுவரை போனால் போதும்.

'காக்கு' என்னவானான் என்று கேட்பீர்கள். போன வருஷம் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் மீன் வாங்க நின்றபோது ஒருவர் 'சேர்' என்று கூப்பிட்டார். தாடி நரைத்திருந்தது. எனக்குப் பெயர் வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டு 'காக்கு' என்றார். எனக்குக் கண் நிலத்தில். நான் தந்த காசைப் பார்க்காமலே மிச்சத்தை எண்ணித் தந்தார். கணக்கு ஒரு சதம் பிழைக்கவில்லை. மகள் மூன்றாம் வகுப்பாம். 'வாசிக்கக் கொஞ்சம் கஸ்டம் சேர், என்னப்போல' என்றார்.

அவரை இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வந்திருக்கிறார். மகளும் வந்திருக்கிறா. இந்த மேசையில் எழுத்து, சொல், பந்தி, கதை அடித்த காகிதம் நாற்பது இருக்கிறது, பென்சிலும் இருக்கிறது. வெளிச்சம் இன்னும் அரை மணித்தியாலம் நிற்கும். ஆசிரியர்கள் ஆளுக்கொரு கதிரையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள். தம்பிமாரும் மதிலால் இறங்குங்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்புங்கள் அம்மா. தாய்மார் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கவேண்டாம். தேத்தண்ணி பிறகு.